கனடாவிலிருந்து வந்த படம்

என் மகன் கிசோக் கனடாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கொரியாவில் எங்கள் ஊரான ஜெச்சோன் சந்தையில் அது தெரியாத ஆள் கிடையாது. நான்தான் சொல்லிச் சொல்லித் தெரியவைத்தேன். என் கடைக்குக் கிம்ச்சி ஊறுகாய் வாங்க வருகிறவர்களிடம்கூட அவன் அனுப்பிய படத்தைக் காட்டாமல் விட்டதில்லை.

இந்த மாசம் அவன் அப்பாவுக்குத் திதி. படையலில் முதல் கிண்ணம் மது ஊற்ற வேண்டியது மகன்தான், எனக்கு இருப்பதோ ஒரே மகன். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினான். பக்கத்துக் கடை தொக்சிம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? படத்தைக் காட்டினால் எந்த ஊர் என்று ஏஐ சொல்லிவிடுமாம், அவள் போனிலேயே இருக்கிறதாம். கேட்டுத்தான் பாரேன், எனக்கென்ன பயம் என்று படத்தை அவளுக்கு அனுப்பினேன்.

அது கனடா என்று சொல்லவில்லை. கொரியா, அநேகமாக வோன்ஜு என்றது. அலமாரிக் கண்ணாடியில் எதிர் அடுக்குமாடியின் பக்கச்சுவர் தெரிகிறதாம், அதில் கட்டட எண் பெரிதாக எழுதியிருக்கிறதாம், பின்னாலிருக்கும் மலையும் அந்த ஊர் மலை மாதிரி இருக்கிறதாம். பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்று மூன்று என்று பளிச்சென்று இருந்தது. வோன்ஜுவுக்கு இங்கிருந்து ஒரே பஸ்.

"இது சில சமயம் தப்பாவும் சொல்லும்க்கா" என்றாள் தொக்சிம், என் முகத்தைப் பார்க்காமல். அவள் இரக்கப்பட்டதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வேலை போயிருக்கும், சொல்ல வெட்கப்பட்டிருப்பான், பாவம் பிள்ளை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய் அவனைக் கூப்பிட்டேன்.

"வேலை கீலை போயிருந்தா சொல்லுடா. நான் திட்டமாட்டேன். வீட்டுக்கு வா."

"வேலையெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இங்க நடுராத்திரி, தூங்கிட்டிருந்தேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அடுக்குமாடி வீடுகளின் கூரையில் இருக்குமே, அந்த ஒலிபெருக்கி போனுக்குள் டிங் டாங் என்று அடித்து, நல்ல கொரிய மொழியில் பேச ஆரம்பித்தது. குடியிருப்பு அலுவலகத்தின் அறிவிப்பு. இன்று பழைய அட்டை, பாட்டில் போடும் நாள், மாலைக்குள் கீழே கொண்டுவந்து வைக்கவும். சொன்னதையே இன்னொரு தடவையும் சொன்னது.

"ஏன்டா, கனடாவுலயும் நம்ம பாஷையிலதான் குப்பை கேக்கறாங்களா?"

அப்புறம்தான் உண்மையைச் சொன்னான். திதி, பண்டிகை என்று வந்தால் அவன் பெண்டாட்டி யுன்ஹேயை நாள் முழுக்க அடுப்படியில் நிறுத்தி நான் வாட்டினேனாம். இனி அந்த வீட்டுப் படி ஏறச் சொன்னால் அவனையே விட்டுப் போய்விடுவேன் என்கிறாளாம். அடப்பாவி, வருஷத்துக்கு நாலு நாள் நாலு அடை சுடச் சொன்னது வாட்டுவதா?

"பக்கத்து ஊருன்னா நீயே மூட்டையைக் கட்டிட்டு வந்து நிப்பம்மா. கனடான்னாத்தான் வரமாட்ட."

போனை வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். தொக்சிம் வாயைத் திறக்குமுன் நானேதான் சொன்னேன்.

"உன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுடி. கனடாவேதான். அங்க நடுராத்திரியாம், தூங்கற பிள்ளையை எழுப்பிட்டேன்."