செவ்வாய்க்கிழமைக்கு ஒரு கார்

ஏழு வாரமாக எங்கள் பாறசாலைத் தமிழ்ச் சபையின் அறிவிப்புத் தாளில் ஒரே வரிதான்: "சகோதரி ரத்னாபாயின் சுகத்துக்காக ஜெபித்துக்கொள்ளவும்." அதை டைப் அடிப்பவள் நான். சபை சொல் தட்டவில்லை. முழங்கால் தேய ஜெபித்தது. ரத்னாபாய் ஆண்டிக்கு வேண்டியதோ ஒரு வண்டி. வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். மகன் மஸ்கட்டில். வழக்கமான ஆட்டோக்காரர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பஸ்ஸில் போன ஆண்டி, போன வியாழக்கிழமை தலைசுற்றிப் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார். இன்னொரு தடவை தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர்.

கழக்கூட்டம் ஐ.டி. கம்பெனியில் என் வேலையே போன் திரையில் வரும் பட்டன்களுக்கு வாசகம் எழுதுவதுதான். என்ன செய்ய வேண்டும், எப்போது என்று சொல்லாத பட்டனை ஒருத்தரும் தொடமாட்டார்கள். அந்தப் புத்தி ஏழு வாரம் எனக்குச் சபைக்குள் வராமல் போனதே! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடவை மாற்றி எழுதினேன்: "செவ்வாய் காலை ஆறு மணிக்கு ரத்னாபாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு கார் வேண்டும். வருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள்."

சபைச் செயலாளர் ஞானசிகாமணி சார் அதன்மேல் பேனாவால் ஒரே கோடு போட்டார்.

"இது ஆராதனையா, சந்தையா? கை தூக்கணுமாம்!"

"அறுப்புப் பண்டிகையில வாழக்கொல ஏலத்துக்குத் தூக்குற கைதானே சார்?"

"அவங்களுக்கு நாணக்கேடு இல்லியா?"

"கேட்டாச்சு. 'நாணம் பாத்தா உசிரு போவும் மக்களே, நீ எழுது'ன்னாங்க."

"உதவ மனமுள்ளோர் செயலாளரை அணுகவும்னு போடு. அது மதி, அவ்வளவு போதும்."

அணுகுவார்களாம்! இடிந்த காம்பவுண்டுச் சுவருக்கும் இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் போட்டார். சுவர் இன்னும் விழுந்தபடியே கிடக்கிறது.

அந்த வாரம் பெண்கள் ஞாயிறு. வருடத்தில் அன்று ஒரு நாள் ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாம் பெண்கள் கையில். அறிவிப்பு என் முறை. சார் திருத்திய தாளைப் பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டு, நான் எழுதியதை எழுதியபடியே வாசித்தேன்.

ஒரு கைகூட எழவில்லை. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாம் பெஞ்சில் ரத்னாபாய் ஆண்டி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஷெமி, உக்காரு," என்றார் சார். "அடுத்த பாட்டு!"

"உக்கார மாட்டேன் சார். கை தூக்காம பாட்டு இல்ல."

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. வாசலில் பதினோரு கார்கள் நின்றன. எண்ணிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன். அதையும் மைக்கில் சொன்னேன்.

பெண்கள் பக்கம் ஒரு கை எழுந்தது. லீலாபாய் ஆண்டி, செயலாளர் சாரின் மனைவி.

"எங்க வண்டி செவ்வாக்கெழம சும்மாதான் கெடக்கு. இவரு ஓட்டுவாரு."

சார் திரும்பி முறைத்தார். ஆண்டி கையை இறக்கவில்லை. எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி சபை முழுக்கப் பரவியது. கடைசியில் சாரும் தலையாட்டினார். கீபோர்டுக்காரர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பாட்டு இருக்கட்டும்," என்றேன். "செவ்வாய் ஆச்சு. வியாழனுக்கு யாரு?"