எந்திரத்தைக் காலி செய்வது யார்?

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை முடித்தவர் அதைத் துறைப் பலகையில் ஆணியடித்து மாட்ட வேண்டும். வந்தவர்களுக்குக் கேக்கும் அவரே கொண்டுவர வேண்டும். ஐம்பத்தாறு வயதில் குன்வோர் இரண்டையும் செய்தாள்.

அவளுடைய ஆய்வு கனவு நகரங்களைப் பற்றியது. முந்நூறு ஆண்டு கழித்து நடக்கும் அந்த நாவல்களில் பசி இல்லை, போர் இல்லை. பாத்திரத்தை எந்திரமே கழுவிவிடும். சரி, கழுவியதை எடுத்து அடுக்குவது யார்? எழுதிய ஆண்களுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் தாமாகவே அலமாரி ஏறிக்கொண்டன போலும். அந்தக் கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டினாள், துறையில் காலியாகவிருந்த ஒரே நிரந்தர வேலையை நம்பி.

ஆணி அடித்ததும் கைதட்டினார்கள். பேராசிரியை பார்ப்ரோ அவளை ஜன்னலோரம் அழைத்துப்போனாள்.

"வேலை ஹாம்புஸுக்குப் போயிடுச்சு, குன்வோர்."

"என்கிட்ட படிச்ச அந்தப் பையனுக்கா? எதை வச்சு?"

"எதிர்கால நகரத்துல வீட்டுவேலை. அதான் அவன் கொடுத்த திட்டம்."

"அது என்னோட நாலாவது அத்தியாயம்!"

"தெரியும். நீ சொன்னா திட்டுற மாதிரி இருக்காம். அவன் சொன்னா தேர்வுக் குழுவுல சிரிச்சுக்கிட்டே கேக்குறாங்க. நானும் சண்டை போட்டுத்தான் பார்த்தேன்."

"எவ்வளவு நேரம் போட்ட?"



அதற்குள் ஹாம்புஸே தட்டோடு வந்துவிட்டான். உதட்டில் கிரீம். கெட்டவனாக இருந்தாலாவது ஆசைதீரத் திட்டியிருக்கலாம்.

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான், குன்வோர். என் முதல் கருத்தரங்குக்கு நீங்க கட்டாயம் வரணும். வரும்போது இந்த கேக்கையும் செஞ்சு கொண்டுவாங்களேன்!"

குன்வோர் சிரித்துவைத்தாள்.

எல்லோரும் போனபின் கேக் தட்டை எடுக்கத் துறையின் சமையலறைக்குப் போனாள். 'உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை. உங்கள் கோப்பையை நீங்களே கழுவுங்கள்' என்று சுவரில் எப்போதோ யாரோ ஒட்டியது அப்படியே இருந்தது. பாத்திரம் கழுவும் எந்திரம் வேலை முடித்துப் பச்சை விளக்கோடு நின்றது. உள்ளிருந்ததை யாரும் எடுக்கவில்லை. அழுக்குக் கோப்பைகளைத் தொட்டியில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஹாம்புஸின் தட்டு.

கிடக்கட்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். விட்டுப்போனால் ஹாம்புஸா வந்து கழுவப்போகிறான்? காலையில் துப்புரவுக்கு வரும் பெண்தான் கழுவுவாள்.

குன்வோர் கோட்டைக் கழற்றினாள். எந்திரத்தைத் திறந்து, சுத்தமான கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.