தண்ணீருக்குள் கட்டை விரல்

பத்தொன்பது வருடமாக "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரையே மூச்சடக்க வைத்தவள் அவள். மருத்துவமனையில் எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. அவள் நாற்பத்தாறு வயதில் ஸ்கூபா முக்குளிப்பு கற்றுக்கொள்ளப் போனால், முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே. தொழில் புத்தி லேசில் விடுமா? நீச்சல் குளத்தின் ஆழத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் அவள் செய்த முதல் காரியம் மூச்சை இறுக்கிப் பிடித்ததுதான்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு இருபத்தேழு வயது. எதற்கெடுத்தாலும் "அவசரமே இல்லக்கா" என்பாள், அதனால் வகுப்பில் அவளுக்கு அவசரமில்லை என்றே பெயர். தண்ணீருக்கடியில் மாஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டும் பாடத்தை மற்றவர்கள் முதல் தடவையிலேயே முடித்துவிட்டுப் போக, எக்ஸ்ரே அக்காவுக்குப் பதினோரு தடவை ஆயிற்று. பதினொன்றிலும் அந்தப் பெண் எதிரே மண்டியிட்டு, கண்ணை எடுக்காமல், தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு தடவைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு கூத்து கட்டை விரல். தரையில் கட்டை விரலைத் தூக்கினால் சரி, ஜோர் என்று அர்த்தம். தண்ணீருக்குள் அதற்கு அர்த்தமே வேறு. போதும், மேலே போவோம். சரி என்று சொல்ல விரல்களைச் சேர்த்து வட்டம் போட வேண்டும். முதல் வாரம் 'நல்லா இருக்கீங்களா' என்று சைகையில் கேட்டபோதெல்லாம் இவள் பெருமையாகக் கட்டை விரலைத் தூக்கினாள், நான்கு தடவையும் மேலே கொண்டுவந்து விட்டார்கள். யார் தூக்கினாலும் காரணம் கேட்கக் கூடாது, வாதாடக் கூடாது, எல்லோரும் மேலே வந்தாக வேண்டும். அந்தச் சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் யாரும் கேட்டது கிடையாது. சாப்பாட்டு மேசையில் இதை இருபது தடவையாவது சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

குளத்துப் பாடம் முடிந்தது. சான்றிதழுக்குத் திறந்த நீரில் நான்கு டைவ் பாக்கி.

"ரெண்டு வழி இருக்குக்கா," என்றாள் அவசரமில்லை. "நம்ம கல்குவாரி, தண்ணி தேங்கி நிக்குதே அது. தண்ணி பச்சையா இருக்கும், குளிரும், நாலடி தள்ளி எதுவும் தெரியாது. ஆனா நான் இருப்பேன். வர்ற சனி ஞாயிறு விட்டா, குளிர்காலம் முடியற வரைக்கும் மூடிடுவாங்க. இல்லன்னா குளத்துப் பாடம் முடிச்சாச்சுன்னு ஒரு பேப்பர் எழுதித் தரேன், ஏதாவது கடல்ல வேற ஆள்கிட்ட முடிச்சுக்கலாம். நல்லா யோசிங்க, அவசரமே இல்ல."

அவள் மூன்று நாள் யோசித்தாள். கடல் அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அங்கே மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி எதிரே நிற்கப்போகிறவன் யாரோ. ஒரு படகில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அடுத்த எட்டுப் பேருக்கு மணி பார்ப்பவன். பன்னிரண்டாவது தடவை தேவைப்பட்டால் அவன் காத்திருப்பானா? குவாரி என்று முடிவு செய்தாள். வீட்டிலும் சொன்னாள். வீட்டுக்காரர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி "ம்" என்றார்.

அந்த "ம்"மை நம்பியது அவள் தப்பு. செவ்வாய்க்கிழமை மத்தியானம், இடுப்பு முறிந்த ஒருவரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், குடும்பக் குழுவில் அவருடைய செய்தி கிடக்கிறது. 'குவாரிக் குட்டையெல்லாம் எதுக்கு? கடல்லயே முடிச்சுடலாம். சனி ஞாயிறு அக்கா குடும்பமும் நாமளும் பன்னெண்டு பேர். சமையலறையோட வீடு பாத்துட்டேன். புக் பண்ணவா?'

சமையலறையோடு. அந்த ஒரு சொல்லில் அவளுக்கு முழு விடுமுறையும் கண்முன்னே ஓடிவிட்டது. விடிவதற்குள் பன்னிரண்டு பேருக்குச் சிற்றுண்டி, அவசர அவசரமாகப் படகு, ஈரத்தலையோடு வந்து மத்தியானச் சமையல். வெளியே அடுத்த ஆள் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று மாதப் பழக்கம், கை தானாகப் போயிற்று. போதும், நிறுத்து என்று அந்தச் செய்திக்குக் கீழே கட்டை விரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த எலும்பைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாத்தனார் ஆஜர். மேசை மேல் சாமான் பட்டியல் வேறு.

"புக் பண்ணியாச்சு!" என்றார் வீட்டுக்காரர். தன் டைல்ஸ் கடையில் வாடிக்கையாளரை மடக்கிய அன்று வரும் அதே முகம்.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"உன்னைத்தான். நீதானே கட்டை விரல் போட்ட?"

தான் செய்த பைத்தியக்காரத்தனம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அதற்கடுத்த நிமிடம் வந்த கோபம் இருக்கிறதே, அது இருபத்திரண்டு வருடத்துக் கோபம்.

"தண்ணிக்குள்ள கட்டை விரலுக்கு என்ன அர்த்தம்?"

"எந்தத் தண்ணிக்குள்ள?"

"மூணு மாசமா இதே மேசைல, இதே நாற்காலில உக்காந்துதானே சொல்லிட்டிருக்கேன்? என்ன அர்த்தம்? சொல்லுங்க!"

வீட்டுக்காரர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா பட்டியலைப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்கென்றாலும் பரவாயில்லை, செவிடன் சங்கையாவது கண்ணால் பார்த்திருப்பான்.

"ஏம்மா, இதுக்குப் போய் இப்படிக் கத்தற?" என்றாள் நாத்தனார். "கடல விட்டுட்டு யாராவது சேத்துக்குழியில போய் விழுவாங்களா? உன் நல்லதுக்குத்தானே தம்பி அலையறான்."

"என் நல்லதுன்னா என்கிட்ட கேக்கணும் அண்ணி. முதல் தடவை மூச்சடைச்சப்ப என் தோளைப் பிடிச்சது அந்தப் பொண்ணு. அவ இருக்கற இடத்துலதான் முடிப்பேன். நீங்கெல்லாம் கடலுக்குத் தாராளமா போயிட்டு வாங்க."

"விளையாடறியா? போட்டது போட்டதுதான்," என்றார் வீட்டுக்காரர். "விரல் போட்டா சரின்னுதான் ஊரு உலகத்துல அர்த்தம்."

"மேல போகணும்னு அர்த்தம்."

குரல் மேசைக் கோடியிலிருந்து வந்தது. மாமியார். எண்பதை நெருங்கும் அந்த அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தன் கதை அந்தக் காதில் விழுந்ததாக மருமகளே நினைத்ததில்லை.

"போதும், மேல போகலாம்னு அர்த்தம். ஏன்னு கேக்கப்படாது. சரின்னா இப்படி," என்று பட்டாணிப் பச்சை ஒட்டிய விரல்களால் வட்டம் போட்டுக் காட்டினார். "மத்தியானம் போன்ல அவ விரல் போட்டதப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், இவளுக்கு இஷ்டமில்லன்னு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" என்றார் மகன்.

"என்னை யாருடா கேட்டீங்க? பன்னெண்டு பேர்ல நானும் ஒருத்தின்னு எண்ணியிருக்கியே, வரியாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டியா? மணல்ல என்னால ரெண்டடி நடக்க முடியுமா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். இந்த வீட்டில் தான் ஒருத்திதான் சுவரோடு பேசுகிறோம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

"அத்தை, குவாரிக்கு வரீங்களா?" என்று கேட்டாள்.

"வரேன்," என்றார் மாமியார், அடுத்த காயை எடுத்தபடி.

சனிக்கிழமை நாத்தனார் குடும்பம் கடலுக்குப் போயிற்று. அம்மாவைக் குழிக்கரையில் தனியாக விட மனமில்லாமல் வீட்டுக்காரர் குவாரிக்கு வண்டி ஓட்டினார். வழி முழுக்க உம்மென்று இருந்தார், இருக்கட்டும். மாமியார் மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் எழும் குமிழிகளை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் உண்மையிலேயே கண்றாவி. பல் கிட்டியது, பச்சை இருட்டில் தன் கையே பாதிதான் தெரிந்தது. ஞாயிறு மத்தியானம், நான்காவது டைவில், அடியில் போட்டிருந்த இரும்பு மேடையில் மண்டியிட்டு மாஸ்க்கைக் கழற்றினாள். குளிர் நெற்றியில் ஆணியாக இறங்கியது. நெஞ்சு பழைய பழக்கத்துக்கு மூச்சை இறுக்கப் பார்த்தது. அப்போது தோளில் அந்தக் கை வந்து உட்கார்ந்தது, அமுக்காமல், அவசரப்படுத்தாமல். விட்டாள். இழுத்தாள். விட்டாள். மாஸ்க்கை மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிக் கண்ணைத் திறந்தால், எதிரே மங்கலாக இரண்டு விரல்கள் வட்டம் போட்டுக் கேட்டன. அவளும் வட்டம் போட்டாள். இங்கே இரண்டாவது தடவை தேவையே படவில்லை.

எதிரே இருந்த அவசரமில்லை கட்டை விரலைத் தூக்கினாள். இருவரும் மெல்ல மேலே வந்தார்கள்.

கரையில் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு நாள் உம்மென்று இருந்த மனிதர், அவள் தலை தெரிந்ததும் என்ன தோன்றியதோ, கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். முகத்தில் நிஜமாகவே பெருமை.

அவள் வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு ஏதோ சொல்வதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் குவாரிச் சுவரில் மோதி எதிரொலித்தது.

"விரலை மடக்குடா. அவ மேலதான் வந்துட்டாளே."