வெள்ளிக்கிழமை மட்டும் எண்பத்தொன்று

1

இந்தக் கதை எனக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில், வாயில் வடா பாவ் இருந்தபோது கிடைத்தது. பக்கத்துச் சந்து ஜோயா சொன்னாள்: "எம் மெஷின் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது எடுக்குதுல. ஏதோ லோச்சா, கோளாறு இருக்கு." நல்ல மார்க்கைப் பார்த்துப் பயப்படும் ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அன்றே எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: பிரபஞ்சத்தின் ஆழத்திலிருந்து ஒரு துகள் தாராவியை நோக்கி... (வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

இரண்டாவது: தாராவியில் கலீலுல்லாவின் தோல்பைப் பட்டறை. அதன் பரண்மேல் அவர் மகள் ஜோயாவின் எம்.எஸ்ஸி. புராஜெக்ட். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் பலகைகள். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள் பாய்ந்து போனால் பலகைக்குள் துளி வெளிச்சம் மினுங்கும்; மெஷின் அதை எண்ணும். (இதற்குமேல் விளக்கினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.)

2

பரீட்சை நடுப்பலகைக்குத்தான். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் சேர்ந்து மினுங்கினால், துகள் நடுவைத் துளைத்துத்தான் போயிருக்கும். அப்படி நூறு துகளில் நடுப்பலகை எத்தனையைப் பார்த்தது என்பது அதன் திறன். தொண்ணூறைத் தாண்டினால் மலைமேல் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பலகை போகும், ஜோயாவும் ஆறு மாதம் கூடவே போவாள். தாண்டாவிட்டால் பட்டறையில் உட்கார்ந்து ஜிப் பொருத்தலாம். திங்கட்கிழமை படிவம் கொடுக்க வேண்டும்.

வந்தது தொண்ணூற்றொன்பது. ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் எண்பத்தொன்று.

[ஜோயா ஜன்னல் வழியே வானத்தை வெறித்தபடி... பட்டறைக்கு ஜன்னலே கிடையாது. வாக்கியத்தைக் கைவிடுகிறேன்.]

3

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பட்டறையே பள்ளிவாசலுக்குக் கிளம்பும். மகளின் மெஷினை விட்டுவிட்டு டியூப்லைட்டை மட்டும் அணைப்பார் கலீலுல்லா. (இரவில் மெயினையே அணைத்துவிடுவார். மெஷினும் தூங்கும்.)

அந்த ஒரு மணி நேரக் கணக்கில் இரண்டு குவியல்கள் தனித்தனியாக நின்றன. மெஷின் ஒவ்வொரு மினுங்கலையும் ஒரு துடிப்பாகப் பதியும்; சின்னத் துடிப்புகள் வெறும் இரைச்சல், அதாவது பொய் மினுங்கல், பெரிய துடிப்புகள் துகள். இடையே பள்ளம். மற்ற நேரமெல்லாம் இரண்டும் கலந்து ஒரே மேடு.

பலகைக்குள் வெளி வெளிச்சம் புகக்கூடாது. மேலுக்கும் கீழுக்கும் ஜோயா கறுப்பு டேப் சுற்றியிருந்தாள். நடுப்பலகைக்கு வாப்பா ஆசையாக ரெக்ஸின் உறை தைத்துக் கொடுத்தார். ரெட்டைத் தையல். அங்குலத்துக்கு எட்டு ஊசி ஓட்டை.

லைட் எரியும் நேரமெல்லாம் எதைக் கேட்டாலும் "பார்த்தேன், பார்த்தேன்" என்று தலையாட்டும் சாட்சியாக இருந்திருக்கிறது நடுப்பலகை.

4

(கலீலுல்லாவை முதலில் கோபக்காரராக எழுதினேன். "எங்க வாப்பாவ ஏம்ல வில்லனாக்குத?" என்றாள் ஜோயா. மாற்றிவிட்டேன்.)

"வாப்பா, ஒங்க தையல்ல ஓட்டை இருக்கு."

"ஓட்டை போடாம எப்படிளா தைக்க?"

"அது வழியா லைட் போவுது. தொண்ணூத்தொம்பது மெஷின் எடுத்த மார்க் இல்ல. டியூப்லைட் எடுத்தது."

"தொண்ணூத்தொம்பதுன்னு லேபர் கேம்ப் ஏரியா வரைக்கும் லட்டு குடுத்தாச்சே புள்ள."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருவத்தாறு வருஷத்துல என் தையலுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல. மொதக் கம்ப்ளெயின்ட் வானத்துல இருந்தா வரணும்?"

பிறகு செருப்பும் தோல்பையும் ஒட்டும் பசை டப்பாவைத் திறந்து, கறுப்புச் சாயம் கலந்து, தையல் நெடுக விரலால் பூசினார். "இப்ப போவச் சொல்லு ஒன் லைட்ட."

5

முடிவு அ: பசை காய்ந்தபின் அளந்தால் தொண்ணூற்றிரண்டு. (எழுதிவிட்டு அடித்தேன். ஓட்டையை அடைத்தால் பொய் போகுமே தவிர, பலகைக்குப் பார்வை கூடாது.)

முடிவு ஆ: 'இதற்கு வலப்பக்கம் இருந்தால்தான் துகள்' என்று இரண்டு குவியலுக்கும் நடுவே போட்ட கோட்டை அவள் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துகிறாள். கொஞ்சம் இரைச்சலும் துகளாகிவிடும். தொண்ணூற்றொன்று. எந்த சாரும் கண்டுபிடிக்க மாட்டார்.

முடிவு இ: உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டு அவள்...

இதுவரை நடந்தது இவ்வளவுதான்: பசை காய்ந்தது. எல்லாக் கிழமையும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. எண்பத்தொன்று. படிவத்தில் 'திறன்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பின்னால் நின்று எட்டிப்பார்க்கும் வாப்பா, "எழுது புள்ள, எவ்வளவு?" என்கிறார்.

பேனாவை உங்களிடம் தருகிறேன். எழுதும் முன் அந்த டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.