தாளத்தில் உட்காராத அடி

வெள்ளைத் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் நான் அழுதேன். நான் அழவில்லை, என் குரல் அழுதது. எங்கள் சலவைக்கூடத்தில் பட்டன் தைக்கிற அக்கா போனில் ஏதோ பாட்டு போட்டிருந்தாள். திடும் திடும் என்று மேளம், அதன் நடுவே ஒரு பயல் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுகிறான், அவனுக்குப் பின்னால் நான், என் புருஷன் பிணத்தின் காலடியில் உட்கார்ந்து வைத்த ஒப்பாரி. இஸ்திரிப் பெட்டிக்காரன் காலால் தாளம் போட்டான். அக்கா தலையை ஆட்டினாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது.

பொரிந்த பயல் வேறு யாருமில்லை, என் கொழுந்தன். நாட்டுப்புறப் பாட்டையும் ராப்பையும் கலந்து ஆல்பம் போடுகிறேன் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தாலாட்டு, நடவுப் பாட்டு என்று வயசானவர்கள் வாயைக் கிண்டிக்கொண்டு திரிந்தான். ஆல்பத்துக்கு 'மண்ணின் குரல்' என்று பேராம். மண்ணாங்கட்டி! சாவு வீட்டு மூலையில் போனும் கையுமாக நின்றானே, யாருக்கோ தகவல் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பாவி, என் அழுகையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அக்காவிடம் போனை வாங்கி முதலிலிருந்து மறுபடி கேட்டேன். என் விக்கல் இருந்தது. மூக்கை உறிஞ்சியது கூட இருந்தது. 'மூடியில்லா மிஷினு தின்ன மன்னவனே எங்க போன' என்ற அடி இருந்தது. அதற்கு முந்தின அடியைக் காணோம். 'மூடியைக் கழட்டச் சொன்ன மொதலாளி நல்லாருக்கான்.' அதுதான் முந்தின அடி. என் புருஷன் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வெட்டு மிஷின் ஓட்டினார். கத்தியில் ஆள் சிக்காமல் காக்கிற மூடி இருந்தால் வேலை மெதுவாகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். கூட இருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. செத்தவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் வாயிலிருந்து அது முழுதாக வெளியே வந்தது அந்த ஒப்பாரியில்தான். அதைத்தான் கத்திரித்திருக்கிறான்.

வேலை முடிந்ததும் முடியாததுமாகக் கிளம்பிப் போனேன். அதே கம்பெனியின் பின்பக்கக் குடோனில்தான் கொழுந்தன் பாட்டுப் பதிகிறான். அண்ணன் போன கையோடு தம்பிக்குப் பேக்கிங் வேலை கொடுத்து, அந்த அறையையும் கொடுத்திருந்தார் முதலாளி. சுவரெல்லாம் பழைய அட்டையை ஒட்டி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஊரே கேக்குது அண்ணி, உங்க குரல்தான் ஆல்பத்துக்கே உயிர் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. முந்தின அடி எங்கே என்று கேட்டேன்.

"அது தாளத்துல உக்காரல அண்ணி."

"உங்க அண்ணன் சாவு மட்டும் உன் தாளத்துல உக்காந்துச்சா?"

கொஞ்ச நேரம் ஒயரை எடுத்துச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். பிறகு மென்று முழுங்கிச் சொன்னான். இந்த ஒரு பாட்டைத்தான் முதலில் விட்டிருக்கிறானாம், முழு ஆல்பத்தின் வெளியீட்டு விழாவுக்கு முதலாளிதான் தலைமையாம். பாட்டை முன்கூட்டியே கேட்டாராம். ஒன்றும் திட்டவில்லையாம், அந்த ஒரு வரி மட்டும் எதற்கு என்றாராம். "போனவரு போயிட்டாரு அண்ணி. இருக்கறவங்க பொழைக்க வேணாமா?"

அட, பொழைக்கத் தெரிந்த பிள்ளை! அண்ணன் தோளில் ஏறிச் சவாரி செய்தே வளர்ந்தவன், இப்போது அவர் பிணத்தின் மேல் ஏறி நின்று மேடையை எட்டுகிறான். ஓங்கி அறைந்துவிடலாம் போல் கை துறுதுறுத்தது. அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான். சாவு வீட்டில் எடுத்ததில் குடம் உருளுகிற சத்தம், குழந்தைகள் கத்துகிற சத்தம் எல்லாம் விழுந்திருக்கிறதாம். விழாவில் போடுவதற்குச் சுத்தமாக ஒரு தடவை வேண்டுமாம். அதே நாலு அடி, அதே மாதிரி அழுது பாடினால் போதுமாம்.

அதே மாதிரி! ஊர் ஊராகப் போய் இத்தனை பாட்டுப் பிடித்தவனுக்கு இது தெரியவில்லை. ஒப்பாரியை யாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில்லை. எதிரே கிடப்பவர் யாரோ, அவருக்குத் தக்கபடிதான் வாயில் வரும்.

சரி, மைக்கை வை என்றேன். அவனுக்கு நம்பவே முடியவில்லை. ஓடி ஓடி எல்லாவற்றையும் சரிசெய்தான். காதுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆரம்பிங்க என்று கையைக் காட்டினான். நான் தரையில் உட்கார்ந்தேன். முடியை அவிழ்த்துவிட்டேன். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அவர் சாயல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. அது வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

"மைக்குப் பிடிச்ச கையோட மாண்டுபோன கொழுந்தா
மானத்தை வித்த அன்னைக்கே மண்ணுக்குள்ள போனியே…"

முதல் அடிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவதில்தான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணி, நான் உயிரோட இருக்கேன்."

யார் இல்லை என்றது? நான் நிறுத்தவில்லை. மாரில் அடித்துக்கொண்டேன். சின்ன வயசில் அவனுக்குத் தலைவாரிவிட்டதைச் சொல்லி அழுதேன், அவர் வாங்கித் தந்த செருப்பைச் சொல்லி அழுதேன், அண்ணனைப் பின்பற்றி நீயும் அதே கம்பெனிக்குள்ளேயே அடங்கிவிட்டாயே என்று அழுதேன். கண்ணீர் பொய்யாக வரவில்லை. முதலாளியை அவர் பேர் சொல்லி, அப்பன் பேர் சொல்லி இழுத்தேன். குடோன் வாசலில் பேக்கிங் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. ஒருவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொழுந்தன் கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினான். நிறுத்துகிற பொத்தானின் மேல் அவன் விரல் வந்து நின்றது. அழுத்தவில்லை. திரையில் என் குரல் மலை மலையாக ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.