தடைப்பலகையும் ஒரு நடுவிரலும்

வேல்ஸ் ஸ்லேட் குவாரியில் இருபத்தாறு வருஷமாகப் பாறை உடைக்கும் எம்ரிஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கையால் பாறை ஏறினார். கிரெய்க் வென் குன்றின் நடுவெடிப்பை யாரும் ஏறி முடித்ததில்லை. நாலு வருஷமாக அவரும் கடைசிப் பிடிக்கு ஒரு முழம் கீழேவரை போய் விழுந்துகொண்டிருந்தார்.

குன்றில் பைரி என்னும் வேட்டைப்பறவை முட்டையிட்டால் ஜூன் முடியும்வரை யாரும் ஏறக்கூடாது. மலையேறிகள் சங்கமும் குன்றுக்குச் சொந்தக்காரரான ஆட்டுப்பண்ணைக்காரரும் பேசிவைத்த கட்டுப்பாடு. மீறினால் ஏறியது செல்லாது, சங்கத்திலும் இடமில்லை. கூட்டைத் தொலைநோக்கியில் கவனித்துத் தடைப்பலகையை மாட்டுவதும் கழற்றுவதும் எம்ரிஸின் பொறுப்பு.

அந்த வருஷமும் பைரி முட்டையிட்டு, பலகையும் மாட்டியாயிற்று. ஏப்ரல் கடைசியில் அண்டங்காக்கை அந்த முட்டைகளைத் தின்றுவிட்டது. பலகையை அன்றே கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் சாயங்காலமே சங்கத்துப் பையன் கிவிலிம் அந்த வெடிப்பில் நிற்பான். இருபத்துநாலு வயசு, பல்லிக்குப் பிறந்தவன். எம்ரிஸோ வலது நடுவிரல் வீங்கி, தேநீர்க் கோப்பையைக்கூட இடது கையால்தான் தூக்கினார்.

விரல் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

"அண்ணே, உங்க பறவை இன்னுமா அடைகாக்குது?" என்றான் கிவிலிம், மதுக்கடையில்.

"அவசரப்பட்டா பொரியாதுடா."

"நாலு வருஷமா நீங்க அந்த வெடிப்பை அடைகாக்கறீங்களே, அது பொரிஞ்சுதா?"



முட்டை போன பதினெட்டாம் நாள் விரல் வலியில்லாமல் மடங்கியது. பலகையைக் கழற்ற ஸ்பானரோடு போனார். முதல் திருகைக் கழற்றியவர், பழக்கதோஷத்தில் எதிர்மேட்டில் ஏறித் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தார். நடுவெடிப்பின் தலைமாட்டில், அவருடைய கடைசிப் பிடி இருக்கும் அதே விளிம்பில், பைரி உட்கார்ந்திருந்தது. அது எழுந்தபோது அடியில் மூன்று முட்டைகள்.

திருகை மறுபடி முடுக்கினார். ஜூனை அடித்துவிட்டு ஜூலை முப்பத்தொன்று என்று எழுதினார்.

சங்கக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். விரலை மட்டும் சொல்லவில்லை.

"முட்டை போச்சுன்னு தெரிஞ்சும் பலகையை விட்டுவெச்சீங்களா!" செயலாளர் நெஸ்டா எழுந்தே நின்றுவிட்டாள். "ஆளுங்க ஏறியிருந்தா அது மறுபடி முட்டை போட்டிருக்குமா? இதுக்குப் பேருதான் பொறுமை."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"நானா இருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பேண்ணே," என்றபடி கிவிலிம் பீர்க் கோப்பையை அவர் முன் நகர்த்தினான்.

எம்ரிஸ் அதை வலது கையால் தூக்கினார். விரல் நன்றாகவே ஆறியிருந்தது.