என் சர்க்கரையைத் தராசுக்காரருக்குக் கொடுத்த கதை

1

இப்போதெல்லாம் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. எவ்வளவு இருக்கு என்றுதான் கேட்கிறார்கள். காய்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கிறவன், முன்பின் தெரியாதவன், என் பையை எட்டிப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கா வாங்குறீங்க? உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்கிறான். கேட்காமலே தன்னுடையதையும் சொல்கிறான், பிள்ளை பரீட்சையில் வாங்கின மார்க்கைச் சொல்வதுபோல. வீட்டுச் சண்டையை ஜன்னல் சாத்திவிட்டுப் போடுகிறவர்கள், ரத்தத்தை மட்டும் தெருவெல்லாம் வாசித்துக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதை வந்த வழி அதுதான். போன மாதம் எனக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். நான் நம்பவில்லை. நம்பாத ஒன்றை நானே ஏன் சுமக்க வேண்டும் என்று ஒரு ஆளை உண்டாக்கி, அதை அவர் தலையில் கட்டினேன். அவர் மாத்திரையை விழுங்கினால் நானும் விழுங்குவதாக எண்ணம். என் மாத்திரை அட்டை இதோ இருக்கிறது. எழுதின தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். இதுவரை அதனால் கண்ட பயன் அதுதான்.

(நான் படித்தது ஐந்தாவது. பிழை பார்க்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "பொழுது புலரும் இனிய வேளையில், பறவைகள் —"

அடித்துவிட்டேன். அவர் இருக்கும் சந்தில் பறவை கிடையாது. அப்புறம், "விதி என்பது ஒரு —" என்று எழுதினேன். என்ன என்று எனக்கே தெரியவில்லை. அதையும் விட்டேன்.

நேராகவே சொல்கிறேன். அவர் தராசு பழுது பார்ப்பவர். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை. நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வந்துவிடும். சுவரில் தட்டுகள் தொங்கும். மேசைமேல் எலெக்ட்ரானிக் தராசுகள் வயிறு திறந்து கிடக்கும். அலமாரியில் முத்திரை குத்தின எடைக்கற்கள், துணி போர்த்தி. உலகத்தில் அவர் முழுசாக நம்புவது அந்தக் கற்களைத்தான். மனைவியை முக்கால்வாசி நம்புவார். மாப்பிள்ளையை, மகள் முகத்துக்காக.

ஒருநாள் ஐந்து கிலோ கல் கைநழுவி அவர் கால்மேல் விழுந்தது. அவர் குனிந்து கல்லைத்தான் எடுத்தார். ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். துடைத்து உள்ளே வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். டீ கொண்டுவந்த மனைவிதான் தரையைப் பார்த்தாள்.

"ஏங்க, யாரோட ரத்தங்க இது?"

"எங்க?"

"ஐயோ, உங்க கால்லதாங்க!"

பார்த்தார். பெருவிரல் நகம் பிளந்திருந்தது. எல்லாம் வந்திருந்தது, வலி மட்டும் வரவில்லை.

(இந்த இடத்தில் அவரை "ஆ" என்று கத்த வைத்துப் பார்த்தேன். கத்தியிருந்தால் கதையே இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.)

காலைக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா கை விரலைக் குத்தினார்.

"சர்க்கரை ரொம்ப நாளா இருந்திருக்கு, பெரியவரே. அதான் கால்ல உணர்ச்சி குறைஞ்சு போச்சு. மாத்திரை போடணும். காயம் ஆறினதும் தினம் நடக்கணும். வெறுங்காலோட ஒரு அடி வைக்கக்கூடாது. ஷூ போட்டா, முதல்ல உள்ள கையை விட்டுப் பாத்துட்டுப் போடணும். அசட்டையா இருந்தா விரலையே எடுக்க வேண்டி வரும்."

தராசுக்காரர் கேட்டது ஒன்றுதான்: "இந்த மெஷினை எப்ப சரிபார்த்தீங்க?"

3

காயம் ஆற நாளாயிற்று. மாத்திரையை அவர் தொடவில்லை. கட்டு அவிழ்த்த அன்று மாப்பிள்ளை வந்தார், உள்ளங்கை அகல மெஷினோடு.

"மாமா, இனி வீட்டுலயே பாத்துக்கலாம். ஒரு சொட்டு போதும்."

"அது நெசம் சொல்லுதுன்னு யார் சொன்னா?"

"புதுசு மாமா."

"புதுசுதான் கூசாம பொய் சொல்லும். முதல்ல உங்க விரலை நீட்டுங்க."

ஆளுக்கொரு ஊசி மாற்றி மாப்பிள்ளையைக் குத்தினார்கள். சரியாக இருந்தது. மனைவியைக் குத்தினார்கள். அதுவும் சரி. "உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருக்கு போல," என்றார். உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரலை நீட்டினார்.

நானூறுக்கு மேல் காட்டியது. மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. தராசுக்காரர் பதறவில்லை. எழுந்து போய்ப் பிசுபிசுத்த கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை," என்றார். இருநூற்றுச் சொச்சம்.

அவருக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"பாத்தீங்களா மாப்ள! அதே ஆளு, அதே ரத்தம். இப்ப நானூறு, இப்ப இருநூறு! இப்படி ஒரு தராசு என் கடைக்கு வந்தா பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்!"

மாப்பிள்ளை மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"கடையில ஒருத்தன் ஈரத் தட்டுல நிறுத்துட்டு தராசு சரியில்லன்னு வந்தா, நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

"என்ன சொல்லுவேன்? தட்டைத் தொடச்சுட்டு நிறுடாம்பேன்."

"முதல்ல குத்துனப்ப உங்க விரலெல்லாம் பழச்சாறு."

அவர் விரலைப் பார்த்தார். மனைவி விடவில்லை.

"சரி, அந்த நானூறு பழத்தோடது. தொடச்சப்புறம் காட்டுச்சே இருநூறு, அது யாரோடதுங்க?"

4

இங்கே அவர் மெஷினை மூடி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நானும் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன். கதையை முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்" என்று எழுதினேன். அடுத்த வரிக்குள் துப்பிவிட்டார். என் ஆள்தானே, பிடிவாதம் எங்கே போகும்?

"விரலை எடுத்துவிட்டார்கள், அவர் அழு —" இதை முடிக்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து என் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டேன். கிள்ளியும் பார்த்தேன். வலித்தது. வலித்ததில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாகிக் குடும்பத்தோடு சிரித்தார்கள் என்றும் முடிக்கலாம். அது மருந்துக் கம்பெனிக்காரன் எழுத வேண்டியது.

5

மறுநாள் காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மகள் வாங்கிக் கொடுத்து வாசலிலேயே கிடந்த ஷூவின் முன்னால் உட்கார்ந்தார்.

"நான் நம்பல, தெரிஞ்சுக்கோ," என்றார் மனைவியிடம்.

"நம்ப வேணாம். போட்டுக்குங்க."

ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினார். முனையில் என்னவோ நெருடியது. வெளியே எடுத்தார். தராசு ஆணி, கடையிலிருந்து அவர் துணியோடு ஒட்டி வந்து விழுந்ததுதான். வெளிச்சத்தில் பிடித்து, கூர் எவ்வளவு என்று வெகுநேரம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு மாத்திரை இருந்தது. யார் போட்டது என்று கேட்கவில்லை.

"நடக்கவா கிளம்பிட்டீங்க?"

"நடக்கவும் இல்ல, ஓடவும் இல்ல. உன் தொணதொணப்புக்குத் தப்பிச்சுப் போறேன்."

போய்விட்டார். தெருமுனை திரும்பினதும் எனக்குத் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டால் ஆணியும் வரும், மாத்திரையும் வரும். எதை எடுத்தார், எதை எறிந்தார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டுப் பயனில்லை.

தாள்மேல் இருந்த அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். தாள்கள் பறந்தால் பறக்கட்டும். நம்பிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த மெஷின்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஷூவை உதறிப் பார்த்தாயிற்று. கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்.